கோயில் ஃபில்டரில் நிறைத்த கேன்

என் நாத்தனார் பிலோமி வீட்டில் நான் தண்ணீர் குடிக்க மறுத்தேன், கடலோரத்து வீடு என்று முகம் சுளித்தேன் என்று உறவில் ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. அந்த வீட்டில் பிறந்தவரோடுதான் நான் வாழ்நாளெல்லாம் குடும்பம் நடத்தினேன். அன்று ஒரு தம்ளர் முழுதாகக் குடித்தேன். இரண்டாவதைத்தான் பாதியில் கீழே வைத்தேன். காரணத்தைச் சொல்கிறேன். அந்தக் கரைக்குப் போக நினைக்கிறவர்களுக்கும் பயன்படும்.

கடந்த ஜனவரியில், என் கணவரின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக அவருடைய ஊருக்குப் போனேன். நாகர்கோவிலிலிருந்து காலை ஏழரைக்குப் பேருந்து. புதுக்கடைச் சந்திப்பு சுமார் முப்பது கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"கருமணல் பாக்கவா அம்மா?" என்றார் ஓட்டுநர். "மீட்டர் வச்சா கீ கீன்னு கத்தும்னு சொல்லுதாவ. என் ஆட்டோவுலதான் மீட்டரே இல்ல."

நான் சிரிக்கவில்லை. அந்த மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல, இயற்கையாகவே உள்ளது. இப்படிப்பட்ட மண்ணில் நிலத்தடி நீரில் ரேடியம் போன்றவை கரையக்கூடும். அதனால்தான் நம் குடிநீர்த் தரத்தில் கதிரியக்கத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த ஊரின் குழாய்த் தண்ணீரோ, கோயில் என்று ஊரார் சொல்லும் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது.

திருப்பலி முடிந்து பிலோமி வீட்டில் உட்கார்ந்ததும், "இந்தத் தண்ணீரைச் சோதித்தார்களா?" என்று கேட்டேன்.

"மைனிக்கு எல்லாத்துக்கும் மார்க் போடணும்," என்று பிலோமி சிரித்தாள். "பாத்தாச்சு. கதிர்வீச்சு வரைக்கும் பாத்தாவ. நல்ல தண்ணின்னு கோயில் போர்டுல ஒட்டியிருக்கு. கேன நிறைச்சுக் குடுத்ததே நான்தான்!"

"எந்தக் குழாயில் நிறைத்தாய்?"

"குழாயிலயா? நல்லா இருக்கு! சோதனைக்குத் தண்ணி எடுக்க வந்தது வெளியூருப் புள்ள மைனி, வெயில்ல வாடிப்போயி வந்து நின்னுது. நீ இரி மக்களே, சாயா குடின்னு சொல்லிட்டு, நான் போயி கோயில் ஃபில்டர்ல நிறைச்சுட்டு வந்தேன். வந்தவியளுக்கு உப்புத் தண்ணியவா குடுக்கது?"

கோயிலில் இருப்பது உப்பையும் உலோகங்களையும் வடிகட்டும் ஆர்.ஓ. ஃபில்டர். திருவிழா விருந்தினருக்காக வாங்கியது. ஊர்க்காரர்கள் அதைத் தொடுவதில்லை, அது வந்தவர்களுக்கு. சோதனைக்குப் போனதும் அந்தத் தண்ணீர்தான். ஊர் குடிப்பதை யாரும் சோதிக்கவே இல்லை.

நான் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள்; பாதி குடித்திருந்த என் இரண்டாவது தம்ளரில் இருந்தது குழாய்த் தண்ணீர்தான். தம்ளரைக் கீழே வைத்தேன். பிலோமியின் மகள் ஷைனி, ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பால் போதவில்லை, மாவுப்பால்தான்.

"அந்தப் பேப்பர நம்பித்தான மாமி குழாய்த் தண்ணியில பால் கலக்குதேன்? ரெண்டு வட்டம் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்."

கொதித்தால் கிருமி சாகும். ரேடியம் அப்படியே இருக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பிலோமி எழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த ஃபில்டரில் தன் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தாள்.

தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்லது என்றும் யாரும் சொல்ல முடியாது என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை பால் குடிக்கிறது. அந்தத் தெருவில் வேறு தொட்டில்களும் உண்டு.

போகிறவர்கள் தயங்காமல் போங்கள். கடல் அழகானது, மனிதர்கள் அதைவிட நல்லவர்கள். நல்ல தண்ணீரை உங்களுக்குத்தான் தருவார்கள். வாங்கும்போது, அவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் ஊரில் மாதிரி எடுக்க வந்தால் சாயா தாராளமாகக் கொடுங்கள், கேனை மட்டும் வந்தவரையே குழாயடியில் நிறைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஊரின் குடிநீருக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு: நான் நேரில் வந்து சொன்னபோது, "பார்க்கலாம்" என்றீர்கள். குழாயிலிருந்தே மறுபடி மாதிரி எடுப்பீர்களா? எந்த நாளில்? முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு எந்தத் தண்ணீர்? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.