கடி இல்லாத கார்டு

என் மேசை டிராயரில், பாஸ்போர்ட் நகல்களுக்கு அடியில், ஒரு பழைய டெலிபோன் கார்டு கிடக்கிறது. மொபைல் வருவதற்கு முன்னால் ரோட்டோர பூத்தில் செருகி ஊருக்குப் பேசுவோமே, அந்தக் கார்டு. நடுவில் மண் நிறத்தில் ஒரு கோட்டை, சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். ஒரு மூலை மட்டும் வெயில் பட்டு லேசாக வளைந்திருக்கும். வெள்ளிக்கிழமை லீவில் அதை வெளியே எடுத்து, நான்கு ஓரங்களையும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். எங்காவது ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டுவிடாதா என்று தேடுவேன். ஒருநாளும் தட்டுப்பட்டதில்லை.

கம்பெனியில் நான் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பார்த்துப் பதிகிற வேலை. எல்லாம் ஒழுங்காக, அழுக்குப் படாமல் இருக்க வேண்டும் என்கிற புத்தி இந்த வேலையால் எனக்கு வந்ததா, அந்தப் புத்தியால் இந்த வேலை கிடைத்ததா தெரியவில்லை. கார்டு சேர்க்கும் பைத்தியமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அல் குசைஸில் எங்கள் ரூமுக்குக் கீழே ஒரு மொபைல் கடை. கடைக்காரர் கீழக்கரை. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். என்னைப் போலக் கார்டுப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கூடுவோம். மஸ்கட் ரூவியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுவார்.

கூடினால் சண்டைதான். முதலில் வந்த கார்டுகளில் படம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருக்கும். ராஜாளி இறக்கை விரித்தால் கார்டு முழுக்க இறக்கை, பாய்மரப் படகு என்றால் கார்டு முழுக்கக் கடல். பிறகு வந்தவற்றில் படத்தைச் சுருக்கி, சுற்றிலும் வெள்ளைப் பட்டை அடித்துவிட்டார்கள். நானும் காக்காவும் முதல் வரிசைக் கட்சி. வெள்ளை ஓரக் கார்டு என்றால் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி எனக்குக் கடுப்பு வந்துவிடும். படம் வரைந்தவனுக்கும் அச்சடித்தவனுக்கும் ஏதோ தகராறு என்று கிண்டல் செய்வேன். ரூவி நண்பருக்கு எந்த வரிசையானாலும் சரி, தேய்ந்து வளைந்த கார்டுதான் வேண்டும். உறை பிரிக்காத கார்டு பேசாத பிள்ளை மாதிரி என்பார். எங்கள் கூட்டத்தில் வெள்ளை ஓரத்துக்காகப் பேசிய ஒரே ஆள் போர்மன் அண்ணன். என் ரூம்காரர், புதுக்கோட்டைப் பக்கம். கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் கூட்டத்துக்கு போர்மன். அதில் என்னதான் அழகைக் கண்டீர்கள் என்று கேட்டால், "வெள்ளையா இருந்தா நல்லாத் தெரியும் தம்பி" என்பார். என்ன தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சிரித்தோம், அவ்வளவுதான்.

ஒருமுறை அவரை அபுதாபி சைட்டுக்கு ஒன்றரை மாதம் அனுப்பினார்கள். ரூமில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க வரப்போகிறார்கள், கார்டு ஆல்பத்தைப் பத்திரமாக வைத்திரு என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பிரித்துப் பார்த்தேன். பதினொரு கார்டுகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல அரைவட்டப் பள்ளங்கள். ஐயோ பாவம், நல்ல கார்டு கிடைக்காமல் இதையெல்லாம் வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். அதே படங்கள் என்னிடம் புத்தம் புதிதாக உபரியாக இருந்தன. வெள்ளை ஓரம்தானே, கேட்பாரற்றுக் கிடந்தவை. பதினொன்றையும் மாற்றிச் செருகினேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் வாயைப் பிளப்பார் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பழையவற்றைக் காக்கா கடையின் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். பழுதான கார்டுகளை அதில்தான் போட்டு வைப்பார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, டூட்டி நேரத்தில் அண்ணன் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. "தம்பி, பாப்பா பேசிருச்சு. பேரன் பொறந்திருக்கான். வாங்கப்பான்னு கூப்பிட்டுச்சு" என்றார். பாப்பா அவருடைய ஒரே மகள். அவர் இங்கே வந்து இறங்கிய இரண்டாம் மாதம் பிறந்தவள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது நடந்த சண்டையில், நீங்கள் போனில் வந்த அப்பாதானே என்று கேட்டுவிட்டாள். அதோடு நான்கு வருடம் பேச்சு இல்லை. இப்போது விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாகப் போகப்போவதாகவும், புதன்கிழமை பிளைட் என்றும், ஞாயிறன்று ரூமுக்கு வருவதாகவும் சொன்னார். பிறகுதான் கேட்டார்.

"ஆல்பம் பத்திரமா இருக்குல்ல? அதுல இருக்குற கடி ஒண்ணொண்ணும் பாப்பா என்கிட்ட பேசினது தம்பி. பேசி முடிச்சு ரூமுக்கு வந்ததும் நகவெட்டியால ஓரத்துல ஒரு கடி வப்பேன். போன்ல வந்த அப்பாதான், இல்லங்கல. எத்தன தடவ வந்தேன்னு அது பாக்கட்டும்."

"இருக்குண்ணே" என்றேன். கையெழுத்துப் போட வந்து நின்ற ஆள் என் முகத்தைப் பார்த்து, "பாய், தபியத் டீக் ஹை?" என்று உடம்புக்கு என்ன என்பதுபோல இந்தியில் கேட்டார்.

டூட்டி முடிந்ததும் கடைக்கு ஓடினேன். காக்கா பிஸ்கட் டப்பாவைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தார். இரண்டு பேரும் கிளறினோம். பத்து கார்டுகள் கிடைத்தன. கோட்டைப் படம் மட்டும் இல்லை. "அத ரூவிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரே தம்பி, மூல வளைஞ்சது அழகா இருக்குன்னாரு" என்றார் காக்கா. ரூவி நண்பரின் போன் அணைந்து கிடந்தது. அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஊர் நம்பர் எங்கள் இருவரிடமும் இல்லை. காக்கா என் கையைப் பிடித்து, "சொல்லிருங்க தம்பி. மனுஷன் புரிஞ்சுக்குவாரு" என்றார். சொல்லியிருக்கலாம். இன்று யோசித்தால் அது அப்படியொன்றும் கஷ்டமான வாக்கியமாகத் தெரியவில்லை. அன்று அது என் வாயில் வரவில்லை.

மீட்ட பத்தையும் அவற்றின் இடத்தில் செருகினேன். பதினொன்றாவது இடத்தில் என்னுடைய புதுக் கோட்டை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பழையதில் எத்தனை கடி இருந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். நினைவில்லை. மற்றவற்றில் மூன்றிலிருந்து எட்டு வரை இருந்தன. நடுவில் ஒரு எண்ணாக ஐந்து என்று முடிவு செய்தேன். நகவெட்டியை எடுத்து வெள்ளை ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று ஐந்து கடி வைத்தேன். வெட்டு புதிதாகப் பளிச்சென்று தெரிந்ததால் தேயிலைத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். சூடான டம்ளரில் மூலையை அழுத்தி வளைத்தேன். ஒரு புள்ளி அழுக்கு பட்டால் பொறுக்காதவன், என் கையாலேயே ஒரு நல்ல கார்டைக் கெடுத்தேன்.

அண்ணன் ஞாயிறன்று வந்தார். குளித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்தார். ஒவ்வொரு கார்டாகக் கட்டைவிரலை ஓரத்தில் ஓடவிட்டார். நான் உலர்ந்த துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். கோட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. ஒருமுறை தடவினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மறுபடியும் தடவினார். "இதுல அஞ்சா?" என்றார். என்னைக் கேட்டாரா, தனக்குள் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் திரும்பவே இல்லை. அவர் ஆல்பத்தை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்தபோதும் அந்தப் பை அவர் தோளில்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ரூவி நண்பர், பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கோட்டைக் கார்டைக் கொடுத்தனுப்பினார். கடை வாசலிலேயே உறையைக் கிழித்தேன். வளைந்த மூலை, வெயிலில் மங்கிய படம், எல்லாம் சரி. ஓரத்தில் கடி இல்லை. ஒன்றுகூட இல்லை. டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்து நான்கு பக்கமும் பார்த்தேன். நான் அதை ஒதுக்கியது வளைந்த மூலைக்காக மட்டும்தான். மற்ற பத்தோடு சேர்த்து இதையும் கடிபட்டதாக என் மனம் எண்ணிக்கொண்டது.

அந்த வார வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் வீடியோவில் வந்தார். மடியில் பேரன். பையன் கையில் ஒரு கார்டு, வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அண்ணன் அதை வாங்கித் துடைத்து என்னிடம் காட்டினார். என் கோட்டை.

"இத ஞாபகம் இருக்கா தம்பி? பாப்பாவுக்கு ஏழு வயசு அப்ப. லீவு கெடைக்கல, நான் வரல. இந்தக் கார்டு தீர்ற வரைக்கும் கோவிச்சுக்கிட்டு போன் பக்கமே வரலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிருந்தேன். பாரு, அஞ்சு தடவ பேசியிருக்கு. எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சிரிப்போடு, "நான் உங்ககிட்ட பேசாம இருந்துருவேனாப்பா?" என்றது.

"ஆமாண்ணே" என்றேன். எதற்கு ஆமாம் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையான கார்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

இப்போதும் அநேகமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் அவர் பெயர் திரையில் வந்ததும் முதலில் டிராயரைத்தான் பார்க்கிறேன். ரூவி நண்பர் வாய்தவறி எங்காவது சொல்லிவிடுவாரோ என்று பயம். நானே சொல்லிவிடுவேனோ என்றும் பயம். மகள் பேசாத அந்த ஒரு கார்டையும் தூக்கிப் போடாமல் இத்தனை வருடம் அவர் ஆல்பத்தில் வைத்திருந்தார். டிராயரில் கார்டுக்குப் பக்கத்திலேயே நகவெட்டியும் இருக்கிறது. ஐந்து கடி வைத்துவிட்டால் இதுவும் அதுவும் ஒன்றாகிவிடும், எனக்கும் நிம்மதி. போன வெள்ளிக்கிழமை வெள்ளை ஓரத்தில் நகவெட்டியை வைத்துக்கூடப் பார்த்தேன். அழுத்த முடியவில்லை. கட்டைவிரலால் ஒருமுறை நான்கு ஓரத்தையும் தடவிவிட்டு, கார்டைப் பாஸ்போர்ட் நகல்களுக்கு அடியில் திரும்ப வைத்தேன்.