ஆல்பர்ட் வாசித்த எட்டுப் பாட்டுகள்

நேற்று கூரியரில் ஒரு சதுர அட்டைப் பெட்டி வந்தது. பிரித்தால் எங்கள் ஆல்பம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சிடியாக வந்த எட்டுப் பாட்டுகளை, இப்போது யாரோ ஒரு புண்ணியவான் பழைய பாணி இசைத்தட்டாகப் போட்டிருக்கிறான். தமிழில் வந்த ராக் ஆல்பங்களில் இதுவே தலை என்று உறையில் வேறு அச்சடித்திருக்கிறான். அதைப் போட்டுக் கேட்க என் வீட்டில் மெஷின் கிடையாது. மோந்து பார்த்துவிட்டு வைத்தேன்.

புது பிளாஸ்டிக் வாசனைதான். எனக்கென்னவோ முட்டை அட்டை வாசனை அடித்தது. எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு பழைய கிடங்கின் பின்னறையைப் பிடித்து, சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. கரப்பான்கள்தான் புதிதாக வந்தன. நான் கிட்டார். பிரபு பாடுவான், பாட்டும் எழுதுவான், ஆகவே தலைவன் அவன். ஆல்பர்ட் டிரம்ஸ். முதலியார்பேட்டைக்காரன், மில் தொழிலாளியின் மகன். அப்பாவின் மில்லை மூடிய பிறகு மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மூவரில் வேலை என்று ஒன்று செய்தவன் அவன் மட்டும்தான். நானும் பிரபுவும் கலைஞர்கள்.

ஆல்பர்ட் டிரம் பழகியது மாதாகோயில் திருவிழாவில். தேர்பவனியில் டிரம் அடிக்கிறவர்கள் முன்னால் நடப்பார்கள், தேர் பின்னால் வரும். தெருமுனையில் திரும்பும்போது தேருக்குத் தோள் கொடுக்கிறவர்கள் நிதானிப்பார்கள். அப்போது அடியும் நிதானிக்க வேண்டும், அதுவும் திரும்பிப் பார்க்காமலே. பத்து வயதிலிருந்து அதைச் செய்து செய்து அவன் கையில் அது ஊறிப்போயிருந்தது.

ரெக்கார்டிங் என்று வந்ததும் அதுவே வினையாகிவிட்டது. காதில் டிக் டிக்கென்று கம்ப்யூட்டர் தாளம் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆல்பர்ட் இரண்டு வரி ஒழுங்காகப் போவான். பிரபு மூச்சு வாங்குகிற இடத்தில் தாமதித்துவிடுவான்.

"ஏன்டா இழுக்கற?"

"அவன் மூச்சு வாங்கறான்டா. அவன வுட்டுட்டு எப்பிடிப் போறது?"

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள் நானும் பிரபுவும் ஆல்பர்ட்டிடம் சொல்லாமல் சென்னைக்குப் போனோம். அங்கே சினிமாவுக்கு வாசிக்கிற ஒருவரைப் பிடித்து, ஆல்பர்ட் வாசித்ததைக் கேட்கவைத்து, இதையே சுத்தமாக வாசியுங்கள் என்றோம். எட்டுப் பாட்டையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். யோசனை பிரபுவுடையது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, என்னுடையதுதான். ஆல்பர்ட்டிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். டிரம் செட் அவனுடையது, அறைக்குச் சாவி அவனிடம். அவன் கோபித்துக்கொண்டால் ஒத்திகைக்கு எங்கே போவோம்?

சிடி வந்த அன்று அதே அறையில் அவனுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டான்.

"டேய், நானாடா இது?"

"கம்ப்யூட்டர்ல லேசா சரி பண்ணோம். வாசிச்சது நீதான்டா," என்றேன்.

எழுந்து வந்து, பிரெஞ்சுக்காரர்கள் செய்கிற மாதிரி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. சென்னைப் பத்திரிகை ஒன்றில் முழுப் பக்கம் எழுதினார்கள். பிரபு மூச்சுத் திணறப் பாடுவதை ஒரு தலைமுறையின் தவிப்பு என்று பாராட்டியிருந்தார்கள். தவிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் மூச்சு வாங்க அந்த டிரம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆல்பர்ட்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, யாருக்காகவும் காத்திருக்காத கை என்று. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கொண்டுவந்தான்.

"வேலைய வுட்டுட்டேன்டா. இனிமே இதான்."

வாயைத் திறக்க அப்போது எனக்கு முழுதாக ஒரு நிமிஷம் கிடைத்தது. "சூப்பர்டா" என்றேன்.

பிறகு கடற்கரைச் சாலையில் மேடைக் கச்சேரி. அதற்கு முன் ஒரு மாதம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சிடியைக் கேட்டுக் கேட்டு, தன்னுடையது என்று நம்பிய அந்தக் கையைப் பிடிக்க ராப்பகலாகப் பழகினான். மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றிக்கொண்டு வந்தான். மேடையில் மூன்றாவது பாட்டிலேயே தடுமாறி நின்றுவிட்டான். கூட்டம் ஊளையிட்டது.

"உனக்குக் கை போச்சுடா, ஆல்பர்ட்டு. நீ பழைய ஆளு இல்ல," என்றான் பிரபு, மேடைக்குப் பின்னால்.

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆல்பர்ட் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். "என்னாச்சுன்னே தெரியலடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்த கச்சேரிக்குச் சென்னைக்காரர் வந்தார். பிரபு இரண்டு வருஷத்தில் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தான். உப்பளத்து அறையை இடித்து, இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

இன்று காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இசைத்தட்டை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனேன். ஆல்பர்ட் அங்கே ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கி, பின்பக்கத்தில் தன் பெயர்மேல் விரல் வைத்துப் படித்தான்.

"அதுக்கப்புறம் குச்சியத் தொடவே இல்லடா. தொட்டா அசிங்கமா இருக்கும். ஒரு காலத்துல அப்பிடி வாசிச்சவன்தான நானு."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"ஒண்ணு கேக்கறேன். அப்ப நான் தப்பா வாசிச்சது எதனா வெச்சிருக்கியா? மூச்சு வாங்கறான்னு இழுப்பனே, அது. அதக் கேட்டா, நான் எப்பவும் இப்பிடித்தான் இருந்தேன்னு மனசு ஆறும்."

கம்ப்யூட்டர் டிஸ்கில் இடம் போதவில்லை என்று, அவன் ஆறு நாள் வாசித்த அத்தனையையும் சென்னையில் வைத்து நானே அழித்தேன்.

"இல்லடா. அழிச்சுட்டோம்," என்றேன்.

"பரவால்ல வுடு," என்று தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நல்லா வாசிச்சதப் பத்திரமா வெச்சிருந்தியே, அது போதும்டா எனக்கு."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.