தகரத்தடியில் ஒரு பீரங்கி

போர்க்கப்பல் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்டால் எல்லாரும் குழலின் நீளத்தைத்தான் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்காகக் கப்பல் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோதுதான் தெளிந்தது. நீண்ட குழல், நிறைய வெடிமருந்து, காற்றைக் கிழிக்கும் கனமான குண்டு, எல்லாம் வேண்டும்தான். ஆனால் பழைய கப்பல்கள் பலவற்றில் பீரங்கியை நிமிர்த்தவே முடியாது. அது உட்கார்ந்திருந்த இரும்புக் கூண்டின் வாய் சிறியது. பிறகு வாயை அகலமாக வெட்டினார்கள். அதே பீரங்கி, அதே மருந்து; குண்டு எங்கேயோ தொலைவில் போய் விழுந்தது.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்த முற்பகலில், ஆம்பூரில் எங்கள் சந்தின் கடைசியில் புகை எழுந்தது; ஓடினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கிடந்த தோல் துண்டுக் குவியல் பற்றிக்கொண்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணின் தையல் கொட்டகை. மூன்று மெஷின், ஷூ கம்பெனி தைக்கக் கொடுத்த மேல்தோல் மூட்டைகள். ஓலைக் கூரையில் பொறி விழத் தொடங்கியது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, இன்னும் வரவில்லை. தண்ணீர் டிராக்டர்தான் வந்தது, அதுவும் சந்துக்குள் நுழையவில்லை. அதன் ஓஸ் கொட்டகைக்குப் பின்னால், சாரல் படாமலிருக்க அவள் சாய்வாக இறக்கியிருந்த தகரத்துக்கு அடி வரைதான் எட்டியது.

“சீக்கிரம்ணா! எல்லாம் கம்பெனி சரக்கு. பொசுங்கிச்சுன்னா இனிமே வேலையே குடுக்க மாட்டாங்க.”

டிரைவர் மோட்டாரை முழு வேகத்தில் விட்டுவிட்டு வந்து ஓஸைப் பிடித்தார். தண்ணீர் மதிலில் மோதி எங்களையே நனைத்தது.

“இன்னா சார், மதிலு குளிக்குது!” என்றார்.

கட்டைவிரலால் ஓஸின் வாயை அழுத்தினார். தண்ணீர் தூளாகிக் காற்றோடு போயிற்று.

“கையை எடுங்க. சேந்து போனாத்தான் காத்தைத் தாண்டும். மேல தூக்குங்க” என்றேன்.

“எங்க தூக்கறது? தகரம் இடிக்குது பாருங்க.”

பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தகரத்தைக் கழட்டணும்மா.”

“போன மழைக்குத்தான் சார் போட்டேன்!”

“தண்ணிக்கு பலம் இருக்கு. தலை தூக்கத்தான் எடம் கம்மி.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

அவ்வளவு திடமாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் ஸ்டூலில் ஏறித் தகரத்தைக் கட்டியிருந்த கம்பியை அறுத்தாள். தகரம் சரிந்து விழுந்தது. டிரைவர் ஓஸை வானத்துக்கே தூக்கிவிட்டார். தண்ணீர் உயர்ந்து, வளைந்து, நேராக எங்கள் தலையிலேயே கொட்டியது.

“அண்ணா, நம்ம மேலயே ஊத்திக்கவா கூப்ட்டேன்? கொஞ்சம் எறக்கு!” ஸ்டூல்மேல் நின்றவளுக்கு மட்டும்தான் மதிலுக்கு அப்பால் தெரிந்தது. “இன்னும் எறக்கு… ஜாஸ்தியாயிட்ச்சு, ஏத்து… அங்கதான்! ஆடாத!”

கப்பலிலும் கம்பத்து உச்சியில் ஒருவர் நின்று குண்டு விழும் இடம் பார்த்துச் சொல்வார். அவர் இல்லாவிட்டால் எட்டும் தூரமெல்லாம் வீண்.

வெள்ளை வில்லாகத் தண்ணீர் மதிலைக் கடந்தது. அந்தப் பக்கம் நெருப்பு சீறியது, புகைந்தது, அடங்கியது. பொறி நின்றது. கூரைக்கும் ஒரு சுற்று அடித்தோம்.

அவள் இறங்கி உள்ளே ஓடினாள். மூட்டை ஒவ்வொன்றிலும் கையை நுழைத்துத் தடவினாள்.

“ஈரம் ஏறல” என்றாள்.

“தகரத்தை மாட்டிடட்டுமா?” என்று கேட்டார் டிரைவர்.

“அது கெடக்கட்டும்ணா. சாயங்காலம் சரக்கு போவணும்.”

ஈரப் புடவையோடு உட்கார்ந்து மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.