ஜனவரியில் எழுபத்தொரு மணி நேர வெயில்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு பியாட்ரிஸின் செல்போனில் வெயில் வரத் தொடங்கும். "அக்கா, வந்திருச்சுங்க" என்பது முதல் செய்தி. "எங்களுக்கு இன்னும் இல்லீங்க, மிஸ்ட் நிக்குது" என்பது இரண்டாவது. ஒன்பது நாற்பதுக்கு ஒரு குரல்பதிவு வரும்: "போயிருச்சுங்க அக்கா, முழுசாப் போயிருச்சு." பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். விஷயம் தெரியாத ஒருவர் கேட்டால், ரெய்டுக்கு வருகிற ஜீப்பைப் பற்றித் துப்புக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பியாட்ரிஸ், ஊட்டியில் பெர்ன்ஹில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வயது ஐம்பத்து மூன்று. உள்ளே கை வைத்த ஸ்வெட்டர், வெளியே கை இல்லாத ஸ்வெட்டர், கொண்டையில் செருகிய பென்சில். பெற்றோர்கள் "டீச்சர்" என்று கூப்பிட்டால், "டீச்சர் இல்லீங்க, ஆபீஸ்" என்று திருத்திவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். முப்பது வருடமாகத் திருத்துகிறார். முப்பது வருடமாக டீச்சராகவே இருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், அவர் துவைத்துப் போட்ட போர்வை ஒன்பது நாள் காயவில்லை. பத்தாம் நாள் அது சோப்பு வாசனையை மறந்து தனக்கென்று ஒரு வாசனையை வளர்த்துக்கொண்டிருந்தது. அன்றுதான் வெயிலைக் குறித்து வைப்பது என்று முடிவெடுத்தார். முதலில் தன் வீட்டு வெயிலை மட்டும் குறித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தார்கள். இப்போது பதினான்கு வீடுகளிலிருந்து தினமும் செய்தி வருகிறது. பள்ளி வேலைக்கு நடுவில், யாருக்கும் தொந்தரவில்லாமல், எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவிடுகிறார்.

சமவெளிக்காரர்களுக்கு இது கிறுக்காகத் தோன்றலாம். ஊட்டியில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தண்ணீரைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, "வெயில் விழுமாங்க?" வெயில் விழாத வீட்டில் செருப்புக்குக்கூடப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: "நல்லா விழுமுங்க." அந்த "நல்லா"வுக்கு எத்தனை நிமிடம் என்று கண்டுபிடித்த ஒரே ஆள் பியாட்ரிஸ்.

அவருடைய எக்செல் தாளில் ஆறு தலைப்புகள்: தேதி, வீடு, ஜன்னல், நேரம், வானம், நிமிடம். வரிகள் பல ஆயிரம். அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கூட்டுவதற்கு அவர் வைத்திருக்கும் மந்திரத்துக்குப் பெயர் சம்இஃப்ஸ். எதைக் கூட்ட வேண்டும் என்று அதற்கு முதலில் சொல்ல வேண்டும்: நிமிடத்தை. பிறகு எங்கே பார்க்க வேண்டும், அங்கே என்ன இருந்தால் சேர்க்கலாம் என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டே போகலாம். வீட்டைப் பார், இன்னார் வீடாக இருக்கட்டும். வானத்தைப் பார், வெயிலாக இருக்கட்டும். மாதத்தைப் பார், ஜனவரியாக இருக்கட்டும். எல்லா நிபந்தனைக்கும் தலையாட்டுகிற வரிதான் கூட்டலில் சேரும். ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் வெளியே போக வேண்டியதுதான். மாப்பிள்ளை தேடும் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. நிபந்தனை கூடக் கூடத் தொகை குறையும்.

பியாட்ரிஸிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு ரெண்டே ரெண்டு கண்டிஷன்தாங்க. அதுக்கே பூஜ்யம் வந்துச்சு." அந்த இரண்டு எவை என்று கேட்டால், கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக் கூர் பார்ப்பார்.

போன நவம்பரில் சிவகுரு அவரைத் தேடி வந்தார். சிவகுரு சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். குடியிருந்தது பள்ளத்தில், சுவரில் பாசி படர்ந்த ஒரு வீட்டில். மனைவி தங்கமணிக்கு வீசிங். காய்ந்த அறை வேண்டும், காலை வெயில் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உறைபனி இறங்குவதற்குள் வீடு மாற வேண்டும்.

"அலன் சாரோட கீழ் ஊட்ட வாடகைக்குப் பேசியிருக்கேனுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அட்வான்ஸு. வெயில் கொட்டுதுங்கறாரு. அவரு சொல்றத விடுங்க, நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

பியாட்ரிஸ் நிபந்தனைகளை ஜெபமாலை உருட்டுவதுபோல் விரலில் எண்ணிக்கொண்டார். அலன் வீடு. போன ஜனவரி. படுக்கையறை ஜன்னல். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. வெயில். தட்டினார். வந்த நிமிடங்களை அறுபதால் வகுத்தார்.

"எழுபத்தொரு மணி நேரமுங்க" என்றார், தானே பொழிந்ததுபோல.

சிவகுரு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். செய்தி அலனை எட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அலன் ஓய்வு பெற்ற தோட்ட அதிகாரி, எதையும் வீணாக்காதவர். அன்று மாலையே கேட்டில் தொங்கிய 'வீடு வாடகைக்கு' பலகையில் 'தண்ணீர் உண்டு' என்பதற்குக் கீழே பெயிண்டில் ஒரு வரி சேர்த்தார்: 'வெயில் 71'.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பியாட்ரிஸ் அடுத்த வருடத்துக்கான விடுமுறைப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். ஜனவரி, முப்பத்தொரு நாள். கை அப்படியே நின்றது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம். மேகமே இல்லாமல், எதிர்மலையே இல்லாமல், சூரியன் அந்த ஜன்னலிலேயே குடியிருந்திருந்தாலும் அறுபத்திரண்டுதான். இவர் சொன்னது எழுபத்தொன்று. அலன் வீட்டுக்காகச் சூரியன் ஒன்பது மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருக்கிறது.

பிழை இருந்த இடம் உடனே தெரிந்தது. இங்கே வீடுகளுக்கு எண் கிடையாது. இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆள் பெயர்தான் வீட்டின் பெயர். அலனுக்கு இரண்டு வீடு. மேட்டு மேல் இருக்கிற வீட்டில் அவர் குடியிருக்கிறார். கீழ் வீட்டை வாடகைக்கு விடுகிறார். நடுவில் ஒரு சரிவும் வரிசையாகக் கற்பூர மரங்களும். மேலிருந்து அலன் செய்தி அனுப்புவார், கீழிருந்து அப்போது குடியிருந்தவர்கள் அனுப்பினார்கள். பியாட்ரிஸ் இரண்டையும் 'அலன் ஊடு' என்றே எழுதி வந்திருந்தார். மேலா, கீழா என்ற ஒரு நிபந்தனை விட்டுப்போனதில் இரண்டு வீட்டு வெயிலும் ஒரே ஜன்னலில் விழுந்துவிட்டது. பிரித்துக் கூட்டினார். மேல் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு, கீழ் வீட்டுக்குப் பதினேழு.

சிவகுருவின் போன் அணைந்திருந்தது. பியாட்ரிஸ் வெளியே போக அனுமதிச் சீட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'கூட்டல் பிழை' என்று போட்டுத் தலைமையாசிரியையிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படிப்பதற்குள், பியாட்ரிஸ் குறுக்குப் பாதையில் பாதித் தூரம் போயிருந்தார்.

அலன் வீட்டு கேட்டில் சிவகுரு அட்வான்ஸ் கவரை நீட்டியபடி நின்றிருந்தார். பக்கத்தில் தங்கமணி, சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார்.

"சிவகுரு, கையக் கீழ எறக்குங்க!"

"ஏனுங்க பியாட்ரிஸ், போலீஸ்காரங்களாட்டம் வர்றீங்க?" என்றார் அலன்.

"நான் சொன்னது தப்புங்க. எழுபத்தொண்ணு இல்லீங்க, பதினேழு."

"எழுபத்தொண்ணத் திருப்பிப் புடிச்சுப் படிச்சீங்களாக்கும்?"

"மேல் ஊட்டு வெயிலையும் இதுல சேத்துக் கூட்டிட்டேனுங்க சார்."

"ரெண்டும் என்ர ஊடுதானுங்களே. வெயிலும் என்ர வெயில்தானே?"

"வெயில் உங்களதுதாங்க. ஆனா அவங்க கீழ் ஊட்டுலயில்ல படுக்கோணும்?"

சிவகுரு கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார். தங்கமணிதான் பேசினார். "அப்ப நாங்க எங்கக்கா போறது? பனி எறங்கிருச்சுன்னா எனக்கு உக்காந்துட்டேதான் தூக்கம்."

பியாட்ரிஸ் அந்த கேட்டுப் படியிலேயே உட்கார்ந்து செல்போனில் தாளைத் திறந்தார். அதே ஜனவரி, அதே காலை. இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் மேலா கீழா, ஒன்றா இரண்டா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே கூட்டினார். காலியாக இருந்த ஒரு வீட்டுக்கு நாற்பத்தொன்பது மணி நேரம் வந்தது. "ஆண்டாயியோட பின்பக்கத்து ஊடுங்க. அந்தம்மா அதுல பூண்டு காய வெச்சிருக்கறதால, வெயில் வர்றதும் போறதும் சரியாச் சொல்லுவாங்க."

"ஏக்கா, அது மாட்டுக் கொட்டாய ஒட்டுன ஊடாச்சே!" என்றார் சிவகுரு.

பியாட்ரிஸ் தாளின் ஆறு தலைப்புகளையும் ஒருமுறை பார்த்தார். "வாசத்துக்கு நான் கட்டம் போடலீங்க."

"நான் இருமறதுக்கு மாடுதான் பயப்படோணும்" என்றார் தங்கமணி. கேட்டுக்கு உள்ளே நின்ற அலன்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் பலகையை அவர் மாற்றவில்லை. எழுபத்தொன்று தன்னுடைய மொத்தச் சொத்துக் கணக்கு என்று இன்றைக்கும் சொல்கிறார்.

கவரை அன்றே ஆண்டாயியிடம் கொடுத்துவிடலாம் என்றார் சிவகுரு. பியாட்ரிஸ் விடவில்லை. "இன்னொருக்கா என்ர கூட்டல நம்பாதீங்க. நாளைக்குக் காலைல வந்து கண்ணால பாருங்க."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆண்டாயியின் பின்பக்கத்து வீட்டுச் சின்ன அறையில் நான்கு பேர் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடுபனி. அதைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒன்பது பத்து. பியாட்ரிஸ் ஜன்னலையும் பார்க்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "அது வருமுங்க டீச்சர், எங்க போயிரும்?" என்றார் ஆண்டாயி, பூண்டுக் கட்டுகளை மூலைக்கு நகர்த்தியபடி. பியாட்ரிஸ் அவரைத் திருத்தவில்லை.

ஒன்பது பதினேழுக்கு வந்தது. சிமெண்டுத் தரையில் ஜன்னல் அளவுக்கு ஒரு மஞ்சள் சதுரம், முதலில் மங்கலாக, பிறகு கம்பிகளின் நிழலோடு. தங்கமணி போய் அதன் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டினார். சால்வையைத் தோளுக்கு இறக்கினார். ஒரு தடவை, மெதுவாக, முழுசாக மூச்சை இழுத்துவிட்டார். மாடு வெளியிலிருந்து ஒரு குரல் கொடுத்தது.

ஜன்னலோரம் நின்ற பியாட்ரிஸ், தன் தலையின் நிழல் தங்கமணியின் மடியில் கிடப்பதை அப்போதுதான் பார்த்தார். சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி இரண்டடி நகர்ந்து நின்றார்.