கயிற்றில் கோத்த இங்கிலீஷ்

எதிர்வீட்டு டியூஷனில் பிள்ளைகள் கத்துகிறார்கள்: கோ, வென்ட், கான். ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தினாலும் கேட்கிறது. பாளையங்கோட்டையின் இந்தத் தெருவில் ஏது கடல்? ஆனாலும் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் ஈரக் கயிறு உரசிக்கொண்டே வருகிறது. எத்தனை வருடமாக. எந்த வீட்டுக்கு மாறினாலும்.

உவரியில் பெரியப்பாவைக் கடல் கொண்டுபோன வருடம் அது. இனிக் கட்டுமரத்தில் ஏறுவதில்லை என்று அம்மா அப்பாவிடம் அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கிவிட்டாள். கரையில் நின்று வலை இழுப்பதோடு சரி. அந்தக் கூலி அடுப்புக்குப் பற்றவில்லை. துபாய்த் துறைமுகக் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள், திருநெல்வேலி லாட்ஜில் இன்டர்வியூ, இங்கிலீஷ் நாலு வார்த்தை வந்தால் போதும் என்றார்கள். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். ஆக, வீட்டுக்கு டீச்சரும் நான்தான்.

உட்காரவைத்துச் சொன்னால் அப்பாவுக்கு ஒன்றும் தங்கவில்லை. "தலைக்குள்ள நண்டு ஓடுது மக்ளே" என்பார். கையில் கயிறு இருந்தால் எதையும் மறக்காத மனிதர். அதனால் வினைச்சொற்களையெல்லாம் வலை இழுக்கும் பாட்டில் போட்டுக் கொடுத்தேன். கோ-வென்ட்-கான், ஏலேலோ. கம்-கேம்-கம், ஏலேலோ. கயிற்றில் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள்.

"இங்கிலீசுல பாடுனா மீனு கப்பலேறி வருமாவே?" என்று ஒருவர் கேலி பேச, அப்பா இன்னும் ஓங்கிப் பாடினார். பத்தே நாளில் நாற்பது சொல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

லாட்ஜில் நான் கதவோரம் நின்றேன். டை கட்டியவர் கேட்டது எளிய கேள்விதான்: இத்தனை வருடம் என்ன வேலை செய்தாய்? அப்பாவுக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. மீன் பிடித்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் பிடிப்பதற்கான சொல் கயிற்றின் நடுவில் எங்கோ கிடந்தது. முனையிலிருந்து இழுத்தால்தான் வரும். கண்ணை மூடினார். இரண்டு கைகளும் நீண்டு, அங்கே இல்லாத கயிற்றைப் பற்றின. கோ-வென்ட்-கான், ஏலேலோ...

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

அடுத்த திங்கள் மதியம் சத்தியத்தை மீறி அவர் கட்டுமரத்தைத் தள்ளினார். அம்மா வாசலுக்கே வரவில்லை. சோற்றுவாளியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோற்றது அவர் என்றே அன்றைக்கு நினைத்திருந்தேன். சொற்களை அப்படிக் கட்டிக் கொடுத்தவள் நான் என்பது உறைக்க, அந்தக் கட்டுமரம் கரை திரும்பாமலே போகவேண்டியிருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மக்ளே, புடிக்கதுக்கு என்னது? அத மட்டும் தனியாச் சொல்லு."

நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, இருக்கட்டும். வந்து கேட்டுக்கிடுதேன்."