சூடேறாத பிடி

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் சென்னம்மாளுக்குப் போன மாதம் கெட்டில் பிடி சுட்டு உள்ளங்கை வெந்துபோனது. "இன்னொருக்கா சுட்டுக்கிட்டா கடைய மூடிரோணும்" என்று மகள் அருணா கண்டித்துச் சொன்னாள். பிடி சூடேறாத கெட்டில் ஒன்றையும் நாமக்கல்லில் வாங்கித் தந்தாள்.

கேஸ் அடுப்பில் அது சூடேறாதுதான். சென்னம்மாளிடம் இருப்பது விறகடுப்பு. தீ பக்கவாட்டில் எழுந்து பிடியைத் தொட்டது. அவள் பழையபடி துணி சுற்றித்தான் தூக்கினாள். அருணா வந்த அன்று மட்டும் துணியை ஒளித்துவைத்தாள்.

"புதுசு சுடுதாம்மா?"

"இல்ல கண்ணு. சில்லுனு இருக்குது." வெறுங்கையால் தூக்கி, கை மாற்றி மாற்றி ஊற்றினாள்.

பாதி நிறைந்த டம்ளரோடு நின்ற பஸ் டிரைவர் பூபதி சிரித்தார். "ஏனுங்கக்கா, டீ ஊத்தறதுக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்?"

அருணா எழுந்துவந்து பிடியைத் தொட்டாள். விரலை உதறிக்கொண்டு அம்மாவின் கையை விரித்துப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"எனக்குப் பயந்துகிட்டா இப்படிச் சுட்டுக்கிட்ட?"

கடையை மூடச் சொல்லப்போகிறாள் என்று சென்னம்மாள் காத்திருந்தாள்.

"கடை இருக்கட்டும். துணிய எங்க வெச்ச, எடு" என்றாள் அருணா. டிரைவருக்கு மீதி டீயை அவளே ஊற்றினாள்.