டிவியில் இருப்பவர்

1. விதி

பேனல் வீட்டுக் கையேடு, விதி பதினான்கு, உட்பிரிவு இ: "குடும்ப உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் வீட்டில் இல்லையென்றால், அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, அவருடைய பட்டனைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்." செய்ய வேண்டியவர் ஃபீல்ட் சூப்பர்வைசர். தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரைக்கும் பதினெட்டு வருடம் அந்த ஃபீல்ட் சூப்பர்வைசர் நான்தான்.

ரேட்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க முடியாது. அதனால் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து டிவிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் வைக்கிறோம். அதுதான் பேனல் வீடு. மீட்டருக்கு ஒரு ரிமோட், அதில் ஆளுக்கு ஒரு பட்டன். டிவியைப் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்கும். பார்க்க உட்காருகிறவர் தன் பட்டனை அழுத்தினால் பச்சையாகும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். இப்படி ஒரு வீடு, பல ஆயிரம் வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் சீரியல் நேரத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டால் சென்னையில் ஒருவருக்குத் தூக்கம் போய்விடும்.

நான் சொல்லப்போகும் வீடு திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், கூத்தாநல்லூர் தாண்டி, வாய்க்கால் கரையில் இருந்தது. முதல் பட்டன் முருகையனுக்கு. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டாவது அவர் மனைவி அஞ்சம்மாளுக்கு. நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். மூன்றாவது மகள் தமிழரசிக்கு. தமிழரசி கால்பந்து கோல்கீப்பர். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, விளையாட்டு விடுதிக்குப் போய், அங்கிருந்து வெளிமாநிலத்தில் ஒரு கிளப்பில் சேர்ந்திருந்தாள். கடைசியாக வீட்டுக்கு வந்துபோய்ப் பத்து மாதம்.

விதிப்படி முப்பத்தோராம் நாளே மூன்றாம் பட்டனை நான் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் அஞ்சம்மாள், "அடுத்த மாசம் வந்துருவா சார்" என்பார்.

"அடுத்த மாசம்னு போன மாசமும் சொன்னீங்கம்மா."

"போன மாசத்துக்கு அடுத்த மாசம் இதுதானே? அதுக்கும் அடுத்தது ஒண்ணு இருக்குல்ல. பேரை எடுத்துராதீங்க சார். ரேஷன் கார்டுலயும் இந்த ரிமோட்டுலயும்தான் அவ பேரு எங்க பேரோட ஒட்டிக்கிட்டு இருக்கு."

நான் படிவத்தில் "தற்காலிகமாக வெளியூர்" என்று எழுதிவிட்டு வருவேன். பத்து மாதத் தற்காலிகம்.

2. மினுக்கல்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது பெண்களுக்கான பெரிய கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. ஒரு விளையாட்டுச் சேனல் லீக் ஆட்டங்களைச் சாயங்காலம் நான்கு மணிக்கு நேரடியாகக் காட்டியது. தமிழரசி தன் அணியில் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது, முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் இறங்குவாள். அதுவரை கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு மண்டல மேலாளர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது இளையவர், என்னைவிட இருபது மடங்கு அவசரம்.

"சார், உங்க கூத்தாநல்லூர் பக்கத்து வீட்டுல என்ன நடக்குது? மூணாம் நம்பர் நாலு செகண்ட் பாக்குறா, ஆஃப். ஏழு செகண்ட் பாக்குறா, ஆஃப். பேய் புடிச்ச மாதிரி இருக்கு. சந்தேகப்பட்டு போன் செக் போட்டோம். பதிவை அனுப்புறேன், கேளுங்க. கேட்டுட்டு வீட்டைப் பேனல்லேருந்து தூக்கிருங்க."

போன் செக் என்பது இதுதான்: வீட்டில் டிவி ஓடும்போதே கூப்பிட்டு, முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பது. பிறகு அதை மீட்டரோடு ஒப்பிடுவது. பதிவை நான் நான்கு முறை கேட்டேன்.

"வணக்கம்மா. இப்ப டிவி முன்னாடி யாரு யாரு இருக்கீங்க?"

"நான் இருக்கேன். எம் பொண்ணு இப்ப இல்ல. இரு, இரு… வந்துட்டா. ஐயோ, போயிட்டா."

"பொண்ணு எங்கம்மா போனாங்க?"

"எங்கயும் போகல. பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. இந்தப் படம் புடிக்கிறவன்தான் பந்து பின்னாடியே ஓடுறான்."

"பொண்ணுகிட்ட போனைக் குடுங்கம்மா."

"நீ வேற. நானே அவகிட்ட பேசி மூணு நாள் ஆகுது."

மீட்டரின் பதிவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பட்டன் எரிந்த நேரத்தையெல்லாம் கூட்டினேன். முழு ஆட்டத்துக்கும் ஒன்றரை நிமிடம்கூடத் தேறவில்லை. புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான், பார்வையாளர் கணக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். இது பார்வையாளர் கணக்கு இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் கேமரா ஒரு பெண்ணை எத்தனை முறை கடந்துபோனது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அவள் அம்மா விநாடி பிசகாமல் எடுத்துவைத்த கணக்கு.

3. அட்டை

மறுநாள் நேரில் போனேன். அஞ்சம்மாள் அப்போதுதான் நடவிலிருந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பட்டனை ஏம்மா அப்படிப் போட்டுப் போட்டு அணைச்சீங்க?"

"நீங்க குடுத்த அட்டையில உள்ளபடிதானே சார் செஞ்சேன்?" என்று டிவிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். படித்தும் காட்டினார். "விளக்கு மினுக்கினால், டிவியில் இருப்பவரின் பட்டனை அழுத்தவும்."

"அது பாக்குறவங்களைச் சொல்லுதும்மா."

"பாக்குறவளுக்கு நான் அழுத்திட்டேனே, ரெண்டாம் நம்பர். டிவியில இருக்குறது அவதானே? அவ இருக்கையில அழுத்தினேன், போனதும் அணைச்சேன். சும்மா எரிய விட்டாத் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த அட்டையைத் தமிழில் எழுதியது நான். "டிவியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டு இருப்பவரின் பட்டனை அழுத்தவும்" என்றுதான் முதலில் எழுதினேன். வரி நீளமாக இருக்கிறது, அடுத்த வரிக்குப் போகிறது என்றார் அச்சகக்காரர். நடுவில் இரண்டு சொல்லை வெட்டினேன். பதினெட்டு வருடம் அந்த அட்டையை எல்லா வீட்டிலும் ஒட்டினேன். ஒருவரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் ஒருவரும் படிக்கவில்லை. படித்து அதன்படி நடந்த ஒரே வீட்டைத் தூக்கச் சொல்லி எனக்கு உத்தரவு.

4. கடிதம்

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அட்டையின் வாசகம் என் பிழை. மூன்றாம் பட்டனை நீக்காததும் என் பிழை. ஆனால் இரண்டாம் பட்டன் உண்மையானது. அந்த அம்மாள் மூன்று ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்திருக்கிறார். ஆகவே மூன்றை நீக்கிவிட்டு, இரண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேலாளர் போனில் சலித்துக்கொண்டார். "ஏன் சார், ரிட்டயர் ஆகுற நேரத்துல உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க? ஒரு பொம்பளை புட்பால் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? ரேட்டிங் மாறிடுமா?"

மாறாது. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பல ஆயிரம் வீட்டுக்குச் சமமான ஒரு வீடுகூட, நாடு முழுவதற்குமான ரேட்டிங்கில் ஒரு புள்ளியை அசைக்காது. இருந்தாலும் கடிதத்தை அனுப்பினேன். விசாரணை முடியும்வரை அந்த வீட்டுக் கணக்கு நிறுத்தி வைக்கப்படும் என்று ஒப்புகை மட்டும் வந்தது. அஞ்சம்மாள் அடுத்த ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தார். யாரும் எண்ணவில்லை.

தமிழரசியின் அணி அரையிறுதிக்குப் போனது. அதற்கு முந்தின நாள், என் வீட்டு டிவியில் அந்தச் சேனலின் அடியில் ஒரு வரி ஓடியது: அரையிறுதி ஆட்டங்கள் மொபைல் ஆப்பில் மட்டும். போதிய பார்வையாளர் இல்லையாம்.

அஞ்சம்மாளிடம் இருந்தது பட்டன் போன். வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் முருகையனோடு வெளியூரில். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். விதி ஒன்பது: ஃபீல்ட் ஊழியர் பேனல் வீட்டாரிடம் எந்த நிகழ்ச்சி, எந்தச் சேனல், எத்தனை மணி என்று எதையும் பேசக் கூடாது. விசாரணையில் உள்ள வீடு. இரண்டு பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வழக்கமான சோதனைக்குப் போனபோது அவரே சொன்னார்.

"அன்னிக்கு அரை நாளு வேலையை விட்டுட்டு வந்து உக்காந்தேன் சார். பழைய கிரிக்கெட்டு ஓடுது. சேனலை மாத்தி மாத்திப் பாக்குறேன், எங்கயும் இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு போனைத் தொறந்தா, அது சந்தா கட்டுங்குது, அப்புறம் சுத்திக்கிட்டே இருக்குது. அன்னிக்குன்னு பாத்து அந்த மொத கோல்கீப்பருக்குக் கையில அடி. எம் பொண்ணு எறங்கிட்டா."

"எவ்வளவு நேரம் ஆடினாங்க?"

"கடைசி அரை மணி. தோத்துட்டாங்க. ஆனா ரெண்டு பந்தைப் புடிச்சிருக்கா. ஒண்ணு பறந்து புடிச்சாளாம். 'எப்படிடீ பறந்தே?'ன்னு போன்ல கேட்டேன். 'எனக்கு எப்படிம்மா தெரியும், நான் பந்தையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்'ங்கறா. அவளும் பாக்கல, நானும் பாக்கல."

ஆட்டத்தின் சுருக்கம் பிறகு எல்லார் போனிலும் வந்தது. அதில் கோல்கள் மட்டும் இருந்தன. சுருக்கம் போடுகிறவர்கள் கோல்கீப்பர் விட்ட பந்துகளைத்தான் காட்டுவார்கள்.

"யாரும் பாக்கலைன்னுதானே சார் டிவியில நிறுத்தினாங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நான் பாத்தேனே."

நான் மீட்டரின் பின்பக்கம் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஒரு நாளு முன்னாடி தெரிஞ்சிருந்தா மன்னார்குடியில தங்கச்சி வீட்டுக்காவது போயிருப்பேன். அவ மருமவன் போன்ல எல்லாம் வருது. உங்களுக்குத் தெரியுமா சார், ஆப்புலதான் போடப்போறாங்கன்னு?"

"தெரியும்மா. சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு ரூல்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"உங்களுக்கு உங்க வேலை. டீ குடிக்கிறீங்களா?"

பேனல் வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கும் விதி உண்டு. குடித்தேன்.

5. பதில்

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கையேட்டை மனப்பாடம் செய்யுங்கள். பின்னால் ஒளிந்துகொள்ள அல்ல. எந்த விதியை மீறினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, எந்த விதியைக் காத்தால் ஒருவருக்குத் திரும்பக் கிடைக்காதது போய்விடும் என்று எந்த உட்பிரிவிலும் எழுதியிருக்காது. நான் ஒரு நிமிடம் போனில் பேசியிருந்தால் ரேட்டிங் கெட்டிருக்காது. ஒரு விதி கெட்டிருக்கும். அதற்காக மூன்றாவது பிழை என்று இன்னொரு பத்தி எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்றேன். அஞ்சம்மாள் அன்றைக்கு நட்டுவிட்டு வந்த சம்பா கதிர் வந்து, பழுத்து, அறுப்புக்கு நின்றது. அப்போதுதான் தலைமை அலுவலகத்தின் பதில் மேலாளருக்கு வந்தது, எனக்கும் ஒரு பிரதி. மூன்று வரி. அட்டையின் வாசகம் திருத்தப்படும். உறுப்பினர் எண் மூன்று நீக்கப்படுகிறது. உறுப்பினர் எண் இரண்டின் பார்வை நேரம் செல்லத்தக்கது என்று ஏற்கப்பட்டு, முன்தேதியிட்டுக் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

பேனல் வீட்டைக் கூப்பிட இப்போது எனக்கு எந்த விதியும் தடையில்லை. அஞ்சம்மாளைக் கூப்பிட்டேன். பின்னால் வயலில் அறுவடை மெஷின் சத்தம். இருவருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, நீங்க மேட்ச் பாத்ததைக் கணக்குல சேத்துட்டாங்க."

"எதை சார்?"

"அந்த புட்பால் மேட்ச்சுங்க. நீங்க பாத்தீங்கன்னு ஒத்துக்கிட்டாங்க."

"நல்லது சார். அப்ப அவ ஆடுன அந்த ஆட்டத்தை டிவியில போடுவாங்களா?"

மூன்று வரியையும் மறுபடி படித்தேன், அந்த ஆட்டத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பதில் வந்த தேதி: தை ஒன்பது, வியாழக்கிழமை.